பி.ஜி. சீட் கூடினால் எங்கள் ஊருக்கு மயக்க டாக்டர் வருவாரா?

கேள்வி இது: "எங்கள் ஊர் தாலுகா ஆஸ்பத்திரியில் மகப்பேறு டாக்டர் இருக்கிறார், ஆபரேஷன் தியேட்டரும் இருக்கிறது. ஆனால் சிசேரியன் என்று வந்துவிட்டால், மயக்க டாக்டர் இன்றைக்கு இல்லை என்று 108-இல் ஏற்றி 60 கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு) சீட் கூட்டப்போவதாகச் செய்தி வருகிறதே, அதனால் எங்களுக்கு ஏதாவது மாறுமா?"

மாறலாம். ஆனால் கூடுகிற சீட் எந்த ஊர் மருத்துவமனையில் கூடுகிறது, அதில் யார் சேருகிறார் என்ற இரண்டும் சரியாக அமைந்தால்தான் மாறும். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, சர்வீஸ் கோட்டாவில் (அரசு டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டில்) மயக்கவியல் எம்.டி. படித்தவன். இப்போது ஒரு மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் பி.ஜி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் சொல்கிற அந்த 108 பயணத்தின் இரண்டு முனையிலும் நின்றிருக்கிறேன். ஒரு காலத்தில் ஏற்றி அனுப்பினேன், இப்போது வந்து இறங்குகிறவர்களை வாங்குகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். மத்திய அரசின் கணக்குப்படி 2014-க்கு முன் நாட்டில் இருந்த மருத்துவ மேற்படிப்பு இடங்கள் 31,185. 2024 தொடக்கத்தில் அது 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, அரசு நிறுவனங்களில் மேலும் 5,000 பி.ஜி. இடங்களையும் 5,023 எம்.பி.பி.எஸ். இடங்களையும் உருவாக்க ஒப்புதல் கொடுத்தது. ஒரு சீட்டுக்கு 1.5 கோடி ரூபாய் வரை செலவு, 2028-29-க்குள் முடிக்க வேண்டும் என்பது திட்டம். நல்ல செய்திதான். இப்போது இன்னொரு கணக்கு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2021-22 கிராமப்புற சுகாதாரப் புள்ளிவிவரம், சமுதாய நல மையங்களில் (நிபுணர்கள் இருக்க வேண்டிய கிராமப்புற மருத்துவமனைகளில்) தேவைக்கும் இருப்புக்கும் உள்ள இடைவெளியைச் சொல்கிறது: அறுவை நிபுணர்கள் 83 சதவீதம் குறைவு, குழந்தைகள் நல நிபுணர்கள் 82 சதவீதம், பொது மருத்துவ நிபுணர்கள் 79, மகப்பேறு நிபுணர்கள் 74. அதாவது சீட் பெருகிக்கொண்டே வந்த அதே ஆண்டுகளில்தான் இந்தப் பள்ளமும் இருந்தது. (தமிழ்நாட்டுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. இங்கே வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களே அந்தக் கணக்கில் சமுதாய நல மையங்களாக வருகின்றன, நிபுணர்களை நாம் தாலுகா மருத்துவமனைகளில் வைக்கிறோம். ஆனால் உங்கள் ஊரில் நடப்பது வேறு பெயரில் அதே பள்ளம்தான்.)

படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் எங்கேயும் போகவில்லை. படித்த ஊரிலேயே இருந்துவிட்டார்கள்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பி.ஜி. படிக்கிற மூன்றாண்டு பெரும்பாலும் 26 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில் வருகிறது. கல்யாணம் நடக்கிற வயது, முதல் குழந்தை பிறக்கிற வயது. வாடகை வீடு, கணவனுக்கோ மனைவிக்கோ வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்து தங்க வசதி, எல்.கே.ஜி. அட்மிஷன் என எல்லாம் அந்த ஊரைச் சுற்றியே அமைந்துவிடும். தொழில் உறவுகளும் அங்கேதான் வளரும். எந்த சர்ஜன் கூப்பிட்ட உடனே வருவார், எந்த ரத்த வங்கியில் ராத்திரி போனை எடுப்பார்கள், சந்தேகம் வந்தால் எந்த சீனியரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம் என்பதெல்லாம் ஒரு டாக்டருக்குப் பெரிய சொத்து. சென்னையில் மூன்றாண்டு இப்படி வேர் விட்ட ஒருவரிடம், படிப்பு முடிந்த மறு வாரம் ராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூருக்குப் போங்கள் என்றால், அவர் பாண்டுக்காக (படித்து முடித்ததும் அரசுக்கு வேலை செய்வேன் என்று எழுதிக்கொடுத்த பத்திரத்துக்காக) போவார், நாளை எண்ணிக்கொண்டு இருப்பார், முடிந்ததும் திரும்பிவிடுவார். அதே ஆள் அந்த மூன்றாண்டை ராமநாதபுரத்திலேயே கழித்திருந்தால்? எல்லாரும் தங்கமாட்டார்கள். ஆனால் பலர் தங்குவார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள விஷயமும் அல்ல. அமெரிக்காவில் இதைப் பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். ரெசிடென்சி (நம் பி.ஜி. போன்ற நிபுணர் பயிற்சி) முடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்ற மாநிலத்திலேயே தொழில் செய்கிறார்கள். குடும்ப மருத்துவம் படித்தவர்களில் பாதிக்கு மேல் பயிற்சி பெற்ற இடத்திலிருந்து 100 மைலுக்குள்ளேயே இருக்கிறார்கள். அந்த நாட்டில் 1997-இல் ஒரு சட்டம் வந்தது. அப்படிப் பயிற்சி பெறுகிற ரெசிடென்ட்டுகளுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கொடுக்கிற பணத்துக்கு மருத்துவமனை வாரியாக ஒரு உச்சவரம்பு வைத்தது. ஏற்கெனவே பெரிய மருத்துவமனைகள் குவிந்திருந்த வடகிழக்கு மாநிலங்களில் இடங்களும் அப்படியே குவிந்து நின்றுவிட்டன. மக்கள்தொகை தெற்கிலும் மேற்கிலும் வளர்ந்தது, பயிற்சி இடம் அதே வேகத்தில் அங்கே போகவில்லை. 2020 டிசம்பரில்தான் 1,000 புது இடங்களுக்குச் சட்டம் போட்டார்கள், அதிலும் கிராமப்புற மருத்துவமனைகளுக்கு ஒரு பங்கு என்று எழுதினார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1986-இல், வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரத்துக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். குடும்ப மருத்துவ ரெசிடென்ட் முதலாண்டை நகரத்தில் படிப்பார், அடுத்த இரண்டாண்டை கோல்வில் என்ற சிறு ஊரில் படிப்பார். அந்த மாதிரியைப் பார்த்துத்தான் பிறகு அந்த நாடு முழுக்க கிராமப் பயிற்சித் தடங்கள் வந்தன. இந்த யோசனை நமக்கும் பொருந்தும், பின்னால் வருகிறேன்.

நம் கையில் ஏற்கெனவே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அதுதான் சர்வீஸ் கோட்டா. வெளியில் இருப்பவர்களுக்கு இது சலுகை மாதிரி தெரியும். உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இளம் டாக்டர்கள் நிரம்பி இருந்ததற்கு இதுதான் பெரிய காரணம். எம்.பி.பி.எஸ். முடித்தவர் அரசுப் பணிக்கு வருவார். இரண்டாண்டு வேலை பார்த்த பிறகு, மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் அரசு டாக்டர்களுக்கென்று வைத்திருக்கிற பாதியில் போட்டியிடலாம். சம்பளத்தோடு படிக்கலாம். முடித்த பிறகு அரசுப் பணியிலேயே தொடர்வேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். நான் இருந்த நிலையத்தில் பகலில் 200 பேருக்கு மேல் ஓ.பி. பார்த்துவிட்டு, ராத்திரி லேபர் வார்டு பக்கத்து அறையில் உட்கார்ந்து நீட்டுக்குப் படிப்போம். மலைப் பகுதியில் இருந்த நண்பர் ஒருவர் அங்கே கிடைக்கும் ஊக்க மதிப்பெண்ணுக்காகவே மூன்றாண்டு தங்கினார். அந்த மூன்றாண்டும் அந்த மலைக் கிராமங்களுக்கு ஒரு டாக்டர் இருந்தார். வேறு எந்தச் சட்டமும் அவரை அங்கே அவ்வளவு நாள் மனமுவந்து உட்கார வைத்திருக்காது.

இந்தக் கோட்டாவை நாம் ஒருமுறை கிட்டத்தட்ட இழந்தோம். பழைய இந்திய மருத்துவ கவுன்சிலின் விதி, பட்ட மேற்படிப்பில் அரசு டாக்டர்களுக்குத் தனி ஒதுக்கீடு கிடையாது, கடினமான பகுதியில் வேலை செய்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் மட்டும் தரலாம் என்றது. அதன்படிதான் சேர்க்கை நடக்க வேண்டும் என்று 2017-இல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தபோது தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2019 கடைசியில் நடந்த வேலைநிறுத்தத்திலும் சம்பளக் கோரிக்கையோடு இதுவும் இருந்தது. 2020 ஆகஸ்ட் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு, கவுன்சில் அதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கூடவே, இந்த ஒதுக்கீட்டில் படித்தவர்கள் முடித்த பிறகு கிராமம், மலை, பழங்குடிப் பகுதிகளில் குறைந்தது ஐந்தாண்டு வேலை செய்ய மாநிலம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. இந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும். கோட்டா கிடைத்ததைக் கொண்டாடிவிட்டு, அதன் மறுபாதியை மறந்துவிடக் கூடாது.

இப்போது கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு அரசுக் கல்லூரியில் மயக்கவியலில் 20 பி.ஜி. இடம் என்று வைத்துக்கொள்வோம். பாதி, அதாவது 10, அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி 10-இல் பாதி சர்வீஸ் டாக்டர்களுக்கு. ஆக 20-இல் 5 பேர்தான் ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்து வந்து, அரசுப் பணிக்கே திரும்புகிறவர்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தமிழே தெரியாமல் வந்து, ஆறு மாதத்தில் "கால் மரத்துப்போச்சா அம்மா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்கு வீடு வேறு மாநிலத்தில் இருக்கிறது, பாண்டு முடிந்ததும் போவார்கள், அது நியாயம். வசிப்பிடத்தை வைத்து பி.ஜி. இடங்களை ஒதுக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நம் ஊர்ப் பிள்ளைக்கு நம் ஊர் சீட் என்ற வழி இனி இல்லை. சர்வீஸ் கோட்டா வேறு வகை. அது பிறந்த ஊரைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைப் பார்க்கிறது. அதனாலேயே அதை இன்னும் கவனமாகக் காப்பாற்ற வேண்டும் என்கிறேன்.

சர்வீஸ் கோட்டாவுக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒருவர் படிக்கப் போனால் அவர் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த இடத்துக்கு இன்னொருவர் வர வேண்டும். பல நேரம் உடனே வருவதில்லை. எம்.டி. முடித்து வந்தவர் அந்த நிலையத்துக்குத் திரும்பவும் மாட்டார். அங்கே தியேட்டர் இல்லாதபோது மயக்க நிபுணருக்கு என்ன வேலை? அவர் தாலுகா மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ வர வேண்டும். சிக்கல் இங்கேதான். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், ராமநாதபுரம், நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சி, அரியலூர் என்று பெரும்பாலும் வெகுநாள் காத்திருந்த மாவட்டங்கள். மொத்தம் 36 அரசுக் கல்லூரிகள் ஆகின. பெருமையான விஷயம். ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும், அங்கீகாரம் தருகிற தேசிய மருத்துவ ஆணையத்தின் கணக்குப்படி உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், சீனியர் ரெசிடென்ட் எல்லாம் காட்ட வேண்டும். அங்கே இடம் காலியாக இருந்தால் அங்கீகாரத்துக்கே ஆபத்து. தாலுகா மருத்துவமனையில் இடம் காலியாக இருந்தால் டெல்லியிலிருந்து யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை. அதனால் புதிதாக எம்.டி. முடித்தவர் முதலில் கல்லூரிக்குப் போகிறார். உங்கள் ஊர் வரிசையின் கடைசியில் நிற்கிறது.

அப்புறம், ஒரு மயக்க டாக்டர் வந்தால் போதுமா என்றும் யோசிக்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ரெசிடென்ட்டுகளுக்கு வாரம் 48 மணி நேரம்தான் வேலை, ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே எழுதிவைத்தது. அந்த அளவை வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஒரு மயக்க டாக்டர் இருக்க நான்கு பேர் வேண்டும். லீவு, காய்ச்சல், கோர்ட் சாட்சி எல்லாம் சேர்த்தால் நான்கும் போதாது. உங்கள் தாலுகா மருத்துவமனையில் ஒருவர் இருக்கலாம். அவர் இல்லாத நாளில்தான் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வலி வந்திருக்கும். இப்படித் தனியாகப் போடப்பட்ட டாக்டர்கள் இரண்டாண்டில் களைத்துப்போவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஊர்ச் சாவுக்குப் போக முடியாது, பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போக முடியாது, போன் அடித்தால் நெஞ்சு திக்கென்கிறது. பிறகு மாறுதல் கேட்காமல் என்ன செய்வார்?

தமிழ்நாடு இதை ஒருமுறை சரியாகவே யோசித்தது. சீமாங்க் மையங்கள் என்று சொல்கிறோமே, அவசரகால மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்கள், அவற்றின் அடிப்படையே மகப்பேறு, மயக்கம், குழந்தைகள் நலம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்பதுதான். 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 54, நாட்டின் சராசரி 97. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கும் தியேட்டர் திறக்கிற ஊர்கள் பெருகியதும் அதில் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே சீட் கூட்டும்போதும் இந்த மூன்று துறையையும் சேர்த்தே கூட்ட வேண்டும். மகப்பேறில் 10 கூட்டிவிட்டு மயக்கவியலில் 2 கூட்டினால் உங்கள் ஊரில் நடப்பது இன்னும் நாலு ஊரில் நடக்கும்.

சீட்டைப் பரவலாக்க ஒரு சின்ன வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021-இல் சேர்ந்த தொகுதியிலிருந்து எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் வேலை செய்தாக வேண்டும். டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சி என்று பெயர். 2023 விதிகளின்படி 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையாக இருந்தால் போதும். என் மாணவி ஒருவர் அப்படிப் போனார். போகும்போது முகத்தில் விருப்பமே இல்லை, தீசிஸ் வேலை கெடும் என்று பயம். இரண்டாவது வாரத்தில் போன் செய்தார். அங்கிருந்த நிபுணர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் பேராசிரியர் யாரும் இல்லாமல் முதல்முறையாக ஒரு சிசேரியனை முழுக்கத் தானே பார்த்ததாகச் சொன்னார். குரலே மாறியிருந்தது. கல்லூரியில் ஒரு கேஸுக்கு ஆறு பேர் நிற்போம். அங்கே அவர் ஒருவர். இந்த மூன்று மாதத்தை வெறும் சடங்காக நடத்துகிற இடங்களும் உண்டு. தங்க அறை கிடையாது, என்ன வேலை தருவது என்று யாருக்கும் தெரியாது, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். அப்படி ஆனால் அந்த ஊரைப் பற்றிக் கசப்புதான் மிஞ்சும்.

நான் கேட்பது இதுதான். இந்த மூன்று மாதத்தை, மயக்கவியல், மகப்பேறு, குழந்தைகள் நலம், பொது மருத்துவம், பொது அறுவை ஆகிய துறைகளுக்காவது ஒன்றரை இரண்டாண்டாக மாற்ற வேண்டும். அதாவது சீட்டே மாவட்ட மருத்துவமனையின் சீட்டாக இருக்கட்டும், பெரிய கல்லூரிக்குத்தான் சில மாதங்கள் போய்வரட்டும். இதயம், மூளை அறுவைக்கான மயக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றுக்கு மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ சென்னைக்கோ போய்க் கற்றுக்கொள்ளலாம். மற்றதெல்லாம் மாவட்டத்தில் ஏராளம்: சிசேரியன், எலும்பு முறிவு, குடல்வால், பூச்சிமருந்து குடித்து வருகிறவர்கள், பாம்புக்கடியில் மூச்சுத் திணறி வருகிறவர்கள். தரம் குறைந்துவிடும் என்று என் சக ஆசிரியர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் சீட் வைத்தால் மாணவர் மலிவான டியூட்டி டாக்டர் ஆகிவிடுவார், நோயாளிக்கும் ஆபத்து.

ஆனால் ஆள் இருக்கிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் 10, 15 ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் இருக்கிறார்கள். கல்லூரிப் பதவி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர்களை ஆசிரியராகக் கணக்கில் எடுக்காமல் இருந்தோம். 2025 ஜூலையில் வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் புது விதிகள் இதை மாற்றியிருக்கின்றன. 220 படுக்கைக்கு மேல் உள்ள அரசு மருத்துவமனையில் 10 ஆண்டு வேலை செய்த நிபுணர் இணைப் பேராசிரியர் ஆகலாம், இரண்டாண்டு அனுபவம் உள்ளவர் உதவிப் பேராசிரியர் ஆகலாம். ஒரு துறையில் இரண்டு ஆசிரியர் இருந்தால் இரண்டு பி.ஜி. இடத்தோடு தொடங்கலாம். தேசிய தேர்வு வாரியம் நடத்தும், எம்.டி.க்கு இணையான டி.என்.பி. படிப்புக்குக் கல்லூரி அங்கீகாரமே தேவையில்லை. தமிழ்நாட்டில் சில மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் அது நடக்கவும் செய்கிறது. அதே வாரியம் 2020-இல் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மயக்கவியல், மகப்பேறு, குழந்தைகள் நலம் உட்பட எட்டுத் துறைகளில் இரண்டாண்டு டிப்ளமோ தொடங்கியது. கல்லூரிகளில் இருந்த பழைய டி.ஏ., டி.ஜி.ஓ., டி.சி.எச். (மயக்கவியல், மகப்பேறு, குழந்தைகள் நல டிப்ளமோ) இடங்களையெல்லாம் எம்.டி., எம்.எஸ். இடங்களாக மாற்றிவிட்ட பிறகு, சிறு ஊர்களுக்குப் போகிற அந்த டிப்ளமோ டாக்டர்களின் வரத்து குறைந்தது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. எங்கள் பக்கத்துத் தாலுகாக்களில் வெகுகாலம் மயக்கம் கொடுத்துத் தாங்கியவர்கள் அந்த டி.ஏ. டாக்டர்கள்தான். டிப்ளமோவை மாவட்ட மருத்துவமனைகளில் நிறையத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு 18 வாரப் பயிற்சி கொடுத்து அவசர மயக்கம் தரச் செய்கிற திட்டமும் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் வந்தது. அவசரத்துக்கு உதவும். ஆனால் தனியாக நிற்கும்போது கை நடுங்குகிறது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பக்கத்தில் நிற்பார்கள் என்ற பயத்திலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு சீனியர் இருக்கிற இடத்தில்தான் அது பயன்படும்.

சீட்டைக் கூட்டினால் ஆள் தானாக வந்துவிடுவார் என்று நினைப்பவர்களுக்கு 2023-ஐ நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆண்டு நீட் பி.ஜி. தகுதி மதிப்பெண்ணை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்ய பெர்சன்டைல் வரை, அதாவது தேர்வு எழுதிய எல்லாருக்குமே தகுதி என்கிற அளவுக்கு, இறக்கினார்கள், இடங்கள் காலியாகக் கிடந்ததால். காலியாக நின்றவை பெரும்பாலும் நோயாளியைப் பார்க்காத துறைகள். அந்த இடங்களையும் சேர்த்துத்தான் எழுபதாயிரம் என்கிறோம். எந்தத் துறை என்று கேட்காமல் மொத்தத்தை மட்டும் சொன்னால் உங்களைப் போன்றவர்களுக்கு அது ஏமாற்றத்தில்தான் முடியும்.

ஒரு பழைய வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நம் மண்ணிலேயே நடக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் மிஷன் மருத்துவமனைகள் ஸ்பான்சர் செய்கிற முறை வெகுகாலமாக இருக்கிறது. ஏதோ ஒரு சிறு ஊரில் உள்ள மருத்துவமனையின் சார்பில் மாணவர் படிக்க வருவார், முடித்ததும் சில ஆண்டு அப்படிப்பட்ட ஊரில் வேலை செய்வார். படிக்கும்போதே தான் எந்த மாதிரி இடத்துக்குப் போகப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். அதற்கேற்ற மாதிரி கற்றுக்கொள்வார், மனதையும் தயார் செய்வார். தாய்லாந்து இதையே நாடு தழுவிய திட்டமாக 1994-இல் தொடங்கியது: கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, மாகாண மருத்துவமனைகளிலேயே பயிற்சி கொடுத்து, சொந்தப் பகுதிக்கே அனுப்புவது. நம் சர்வீஸ் கோட்டாவிலும் இதைச் செய்யலாம். கவுன்சலிங் அன்றைக்கே, "நீங்கள் எடுக்கிற இந்த மயக்கவியல் சீட் இன்ன தாலுகா மருத்துவமனைக்கானது, முடித்ததும் ஐந்தாண்டு அங்கே, உங்களோடு ஒரு மகப்பேறு டாக்டரும் ஒரு குழந்தை டாக்டரும் வருவார்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பலர் அதை மனதார எடுப்பார்கள். நான் எடுத்திருப்பேன். எங்களைப் பயமுறுத்தியது ஊர் அல்ல. எந்த ஊர் என்று கடைசி நாள் வரை தெரியாததும், தனியாக நிற்க வேண்டுமே என்பதும்தான். கணவன் மனைவி இருவரும் டாக்டராக இருந்தால் இருவரையும் ஒரே மாவட்டத்தில் போட வேண்டும். இருக்க ஒரு நல்ல குவார்ட்டர்ஸ் வேண்டும். இதற்கெல்லாம் ஒரு சீட்டுக்கு ஒதுக்குகிற ஒன்றரைக் கோடியில் எவ்வளவு போய்விடும்?

காலக் கணக்கையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு ஒரு எம்.டி. சீட் திறந்தால் மூன்றாண்டு கழித்து ஒரு நிபுணர் வருவார், டிப்ளமோவானால் இரண்டாண்டு. உங்கள் வீட்டில் இப்போது கர்ப்பமாக இருக்கிறவருக்கு அது உதவாது. முதல் பிரசவம் சிசேரியன் என்றாலோ, ரத்த அழுத்தம், ரத்தசோகை இருந்தாலோ, எட்டாம் மாதத்திலேயே பக்கத்து சீமாங்க் மையத்தில் காட்டி, பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிடுங்கள். வலி வந்த பிறகு 60 கிலோமீட்டர் போவதைவிட, வலி வருமுன் போய்த் தங்குவது நல்லது.

ஊருக்காக ஏதாவது செய்ய நினைத்தால், உங்கள் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உங்கள் தாலுகா மருத்துவமனையில் மயக்க நிபுணருக்கு அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, நிரம்பியவை எத்தனை, வேறு இடத்துக்கு டெபுடேஷனில் போனவர் உண்டா, கடந்த ஓராண்டில் மயக்க டாக்டர் இல்லாமல் எத்தனை பிரசவங்களை வெளியே அனுப்பினார்கள், அந்த மருத்துவமனை டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சி பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் எந்தத் துறை மாணவர்கள் வந்தார்கள் என்று கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட இடமே ஒன்றுதான் என்று பதில் வந்தால், எத்தனை சீட் கூட்டினாலும் பயனில்லை, முதலில் அந்த ஒன்றை நான்காக்க வேண்டும். இடம் இருந்து ஆள் கல்லூரிக்குப் போயிருந்தால், கேட்க வேண்டிய ஆள் வேறு. பதில் கைக்கு வந்ததும் எனக்கும் காட்டுங்கள், அடுத்த மனு யாருக்கு என்று சேர்ந்து பார்ப்போம்.